இருட்டைக் கண்டால் குதிப்பவர்

அந்த மனிதர் சந்தோஷமாக இருக்கிறார் என்றால் அங்கே எதுவுமே தெரியவில்லை என்று அர்த்தம். எங்கள் கல்லூரியின் தாவரவியல் துறையில் மைக்ரோஸ்கோப் வைத்திருந்த இருட்டறையிலிருந்து, "இருட்டிடுச்சு! மேடம், ஓடியாங்க, சுத்தமா இருட்டிடுச்சு!" என்று குரல் வரும். பக்கத்து அறையில் பாடம் எடுத்துக்கொண்டிருக்கும் நான் சாக்பீஸைப் போட்டுவிட்டு ஓடுவேன். ஆரம்பத்தில் கரண்ட் போய்விட்டது என்று நினைத்து ஓடினேன், அப்புறம் பழகிவிட்டது. ஆள் நல்ல கனம். அந்தக் கனத்தோடு குதிப்பார். மேஜைமேல் இருக்கும் கண்ணாடிப் பாத்திரம் எல்லாம் கிணுகிணு என்று ஆடும். "சார், குதிக்காதீங்க, போன தடவையே ஜாடி உடைஞ்சுது" என்று கத்துவேன். "உடையட்டும் மேடம்! பாருங்க, ஒண்ணுமே இல்ல!" என்பார்.

நானும் அவரும் ஒரே வருஷம் விரிவுரையாளராகச் சேர்ந்தவர்கள். வயதும் ஒன்றுதான். ஆனாலும் அவருக்கு நான் மேடம், எனக்கு அவர் சார். கல்லூரிகளைப் பிடித்த வியாதி அது. கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ் மாறி வருவார். வேங்கிக்கால் தாண்டி எங்கள் கல்லூரி வாசலில் இறங்கும்போதே அன்றைக்கு எந்த ஸ்லைடைப் பார்க்கப்போகிறார் என்று ஆரம்பித்துவிடுவார். குட்மார்னிங் எல்லாம் கிடையாது. மலைமேல் எரிகிற தீபத்தைப் பார்க்க ஜனம் அலைமோதுகிற திருவண்ணாமலையில், இருட்டுக்காகத் தவம் கிடந்த ஒரே ஆள் இவராகத்தான் இருக்கும்.

விஷயம் இதுதான். அவர் ஊர்ப்பக்கத்து மண்ணில் ஒரு பாக்டீரியா கிடைத்திருந்தது. அதை விதைக் கடலையில் பூசி விதைத்தால் வேர்க்கடலைச் செடி அமோகமாக வந்தது. பாக்டீரியா வேருக்குள்ளேயே நுழைந்து குடியேறிவிடுகிறது என்பது இவர் கட்சி. அதை நிரூபித்தால் பிஎச்.டி. வேரை மெல்லிசாகச் சீவி, அந்தப் பாக்டீரியாவின்மேல் மட்டும் ஒட்டிக்கொள்கிற ஒரு சாயத்தை ஊற்றி, மைக்ரோஸ்கோப்பில் நீல வெளிச்சம் அடிக்க வேண்டும். சாயம் பச்சையாக மின்னும். எங்கே மின்னுகிறதோ அங்கே பாக்டீரியா. கேட்க எவ்வளவு சுலபமாக இருக்கிறது! ஆனால் சாயமே போடாவிட்டாலும் வேர் தன்பாட்டுக்கு மின்னும். வேரின் சுவர்களில் இருக்கிற கட்டைப் பொருள், நீல வெளிச்சம் பட்டால் பச்சைப்பசேலென்று பளபளக்கும். கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளையைத் தேடிப் போனால் வந்தவன் அத்தனை பேரும் மாலையோடு நிற்கிற மாதிரி.

முதன்முதலில் அவர் எடுத்த படம் அப்படிப் பச்சையாக வந்தது. அவருடைய கைடு, எங்கள் துறைத் தலைவர், அதைப் பார்த்துப் பூரித்துப்போனார். "அடேயப்பா, என்னா பச்சை! முடிஞ்சுதுப்பா உன் வேலை. இதையே தீசிஸ்ல போட்டுடு" என்றார். இவர் தலையைச் சொறிந்தார். "சார், வெறும் ஸ்லைடு ஒண்ணு பாத்துடலாம் சார்." வெறும் ஸ்லைடு என்றால் பாக்டீரியா பூசாத செடியின் வேர், சாயமும் கிடையாது. பார்த்தார்கள். அதே பச்சை. இன்னும் கொஞ்சம் ஜாஸ்தி என்றுகூடச் சொல்லலாம். கைடு கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார். பிறகு, "யாருப்பா உன்னை வெறும் ஸ்லைடு பாக்கச் சொன்னது?" என்று எரிந்து விழுந்துவிட்டுப் போனார்.

கைடு எரிந்து விழுந்ததில் நியாயம் இருந்தது. பல்கலைக்கழகம் கொடுத்திருந்த கடைசி அவகாசம் ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த தை மாதத்துக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவே ரத்து. பட்டம் இல்லாதவர்களை அடுத்த கல்வியாண்டில் வைத்துக்கொள்வதாக இல்லை என்று கல்லூரி நிர்வாகமும் சொல்லிவிட்டது. வீட்டில் மனைவி, படிக்கிற பிள்ளைகள், கட்டி முடிக்காத மாடி. அந்தப் பச்சைப் படத்தை வாயை மூடிக்கொண்டு ஒட்டியிருந்தால் ஒருத்தரும் கேட்டிருக்கப்போவதில்லை. நானே, "சார், எல்லாரும் இப்படித்தான் பண்றாங்க. கொடுத்துட்டு வேலையப் பாருங்க" என்று சொன்னேன். "இல்ல மேடம். நாளைக்கு எம்பேர்ல இருக்கிற படத்தப் பாத்தா எனக்கே சிரிப்பு வந்துடும்" என்று சொல்லி, உண்மையாகவே சிரித்தார். எனக்கு அவர் முதுகில் ஓங்கி ஒன்று வைக்கலாமா என்று இருந்தது.

வெறும் ஸ்லைடு பார்க்கிற புத்தி அவருக்கு மைக்ரோஸ்கோப்போடு நிற்கவில்லை. ஹோட்டலில் சட்னி புகழ்பெற்றது என்றால், முதலில் தோசையைத் தனியாக ஒரு வாய் தின்பார். தங்கைக்கு வரன் பார்க்கப் போன இடத்தில் மாப்பிள்ளைப் பையன் பவுடர் மணக்க வந்து உட்கார்ந்திருக்கிறான். இவர் எழுந்து, "மாப்ள, கோவிச்சுக்காதீங்க, மூஞ்சக் கழுவிட்டு ஒரு தடவை வந்து நில்லுங்க" என்றாராம். சபையே திகைத்துப்போயிருக்கிறது. இவர் அப்பா தலையில் கை வைத்துக்கொண்டாராம். நல்லவேளை, அந்தப் பையன் விழுந்து விழுந்து சிரித்துவிட்டுப் போய்க் கழுவிக்கொண்டு வந்தான். கல்யாணமும் நடந்தது. "கழுவுனப்புறம்தான் மேடம் பையன் பாக்கவே நல்லாருந்தான்" என்று இவர் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

சட்டைப்பையில் எப்போதும் ஒரு புற ஊதா டார்ச் இருக்கும். எது தானாக மின்னுகிறது என்று ஊரெல்லாம் அடித்துப் பார்த்துக்கொண்டே திரிவார். சலவைத்தூள் போட்ட வெள்ளைச் சட்டை நீலமாக மின்னுகிறது, அதன் நூல் ஸ்லைடில் விழுகிறது என்று கண்டுபிடித்த அன்றிலிருந்து வெள்ளைச் சட்டையையே தலைமுழுகிவிட்டார். ஒருமுறை நானும் என் வீட்டுக்காரரும் அவரும் ரமணாசிரமம் பக்கம் செங்கம் ரோட்டில் ஒரு காபிக் கடையில் உட்கார்ந்திருந்தோம். பக்கத்து மேஜையில் ஒரு வெள்ளைக்கார அம்மாள் கீரை ஜூஸ் குடித்துக்கொண்டிருந்தார். இவருக்குக் கை சும்மா இருக்குமா? "ஒன் மினிட் மேடம்" என்று சொல்லி, மூலை இருட்டில் தம்ளரை வைத்து டார்ச்சை அடித்தார். பச்சை ஜூஸ் மங்கலாகச் சிவந்தது. அந்த அம்மாள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். "எனர்ஜி?" என்று மெதுவாகக் கேட்டார். "நோ எனர்ஜி மேடம். ஒன்லி டிஸ்டர்பன்ஸ்" என்றார் இவர். அம்மாள் இரண்டு கையும் கூப்பிக் கும்பிட்டுவிட்டு, உள்ளே போய் இன்னும் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். நாங்கள் பில்லைக் கொடுத்துவிட்டு ஓடிவந்தோம்.

வேரின் மினுக்கை அடக்க என்னென்னவோ செய்தார். வேரைப் பதப்படுத்துகிற ஃபார்மலின் அதிகமானால் மினுக்கும் கூடுகிறது என்று அதைக் குறைத்தார். சீவிய வேரை நீலச் சாயத்தில் முக்கிப் பார்த்தார், கொஞ்சம் அடங்கியது. கடைசியில் ஒரு வழி படித்துக்கொண்டு வந்தார். சாயம் போடுவதற்கு முன்னால் வேரைக் கடுமையான வெளிச்சத்தில் நாள்கணக்கில் போட்டு வாட்டினால், அதன் சொந்த மினுக்கு வெளுத்துப்போகும். அப்புறம் சாயம் போட்டால் சாயம் மட்டும்தான் மின்னும். அவ்வளவு வெளிச்சத்துக்கு எங்கே போவது? எங்கள் கல்லூரியில் டியூப்லைட்டே பாதி எரியாது. இவர் நேராகக் கல்யாணத்துக்கு மைக்செட், ஃபோகஸ் லைட் போடுகிறவரிடம் போய் நின்றார்.

மைக்செட்காரர் வண்டியில் பெரிய பெரிய எல்.இ.டி. விளக்குகளை ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார். அறையைச் சுற்றிப் பார்த்தார். "இன்னா சார், ஃபங்சன் யாருக்கு?" என்று கேட்டார்.

"மல்லாட்ட வேருக்கு."

இவர் ஒரு கிண்ணத்தில் உப்புத் தண்ணீரில் மிதந்த வேர்க்கடலை வேரின் சீவலைக் காட்டினார். சூட்டில் வெந்துவிடக் கூடாது என்று கிண்ணத்தை ஜூஸ் கடை ஐஸ்மேல் வைத்திருந்தார். மைக்செட்காரர் குனிந்து பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி அவரைப் பார்த்தார். "சரி சார், ஒங்க பிரியம். ஆனா முகூர்த்த நாளு வந்தா லைட்ட எடுத்துக்கினு போயிடுவேன். அப்போ என்னாண்ட சண்டைக்கு வரக் கூடாது" என்றார்.

அதிலிருந்து எங்கள் ஆராய்ச்சி பஞ்சாங்கப்படி நடந்தது. நல்ல நாள் எல்லாம் எங்களுக்குக் கெட்ட நாள். வளர்பிறை முகூர்த்தம் வந்தால் தலையில் கை வைத்துக்கொள்வார். ஆடி வந்ததும் இனி கல்யாணமே கிடையாது என்று லட்டு வாங்கிக்கொண்டு வந்தார். இரண்டாவது வாரமே மைக்செட்காரர் வந்து லைட்டைக் கழற்றினார். "அம்மன் கோயில் எல்லாத்துலயும் கூழு ஊத்துறாங்க சார். ஆத்தாளுக்கு இல்லாத லைட்டா?" இவர் தானே ஒயரைச் சுருட்டிக் கொடுத்தார். ஆனாலும் கிடைத்த அந்தப் பத்துப் பன்னிரண்டு நாளில் வேர் வாடிவிட்டது. வெறும் ஸ்லைடை வைத்தார். கன்னங்கரேலென்று இருந்தது. முதலில் சொன்னேனே, அந்தக் குதி அன்றைக்குத்தான் உச்சம். கைடு தன் அறையிலிருந்து ஓடிவந்து, நிலநடுக்கமா என்று கேட்டார்.

அப்புறம் ஆயுதபூஜை வந்தது. பூஜை என்றால் இவருக்கு அரைகுறையாகச் செய்யத் தெரியாது. மைக்ரோஸ்கோப்பைத் துடைத்து, நெற்றி மாதிரி இருக்கிற இடத்தில் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தார். இடுக்கிக்கு மஞ்சள். சாயம் போடுகிற ஜாடிக்கு மஞ்சள். பிளேடு டப்பாவுக்கு மஞ்சள். லென்ஸை மட்டும், போனால் போகிறது என்று விட்டார். பொரி, கடலை, சுண்டல் எல்லாம் சாப்பிட்டுவிட்டுப் போனோம். லீவு முடிந்து வந்து வெறும் ஸ்லைடைப் பார்த்தால், பச்சை! அங்கங்கே திட்டுத் திட்டாக, முன்னைக் காட்டிலும் ஜாஸ்தியாக மின்னுகிறது. அவர் முகம் செத்துப்போனது. தண்ணீரை மாற்றினார், ஸ்பிரிட்டை மாற்றினார், புதுச்செடி பிடுங்கிக்கொண்டு வந்தார். எதுவும் அடங்கவில்லை. கொண்டுவந்த சாப்பாட்டை அப்படியே திருப்பி எடுத்துக்கொண்டு போனார். தை மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. அவரைப் பார்க்கவே எனக்குப் பாவமாக இருந்தது. சிரிக்காத அவரை அதற்குமுன் நான் பார்த்ததில்லை.

ஒரு நாள் கோபத்தில் நான், "குடுங்க சார், எல்லாத்தையும் கழுவிப் போடறேன்" என்று இடுக்கியைப் பிடுங்கினேன். மைக்ரோஸ்கோப்பின் நீல வெளிச்சத்துக்குக் குறுக்கே அது போனது. இடுக்கி முனை பளீரென்று பச்சையாக எரிந்தது.

"சார், என்ன இது?"

அவர் வாங்கிப் பார்த்தார். முகர்ந்து பார்த்தார். ஜாடியை வெளிச்சத்தில் காட்டினார். அதுவும் எரிந்தது. பிளேடு டப்பா எரிந்தது. அவருடைய விரல் நகம் எரிந்தது.

"மஞ்சள்!" என்றார். "மேடம், மஞ்சள்! நானே வச்ச மஞ்சள்! ஸ்பிரிட்டுல கரைஞ்சு எல்லா வேருக்கும் பூசிட்டிருக்கேன் மேடம்!" என்று சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். மூச்சு முட்டச் சிரித்தார். எனக்கும் தொற்றிக்கொண்டது. இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்ததை எட்டிப் பார்த்த கைடு கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார். அன்றைக்கே பூஜைச் சாமான் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக ஸ்லைடில் வைத்துப் பார்த்தார். சந்தனம் கொஞ்சம் மின்னியது. குங்குமமும் சும்மா இல்லை. திருநீற்றை வைத்ததும், "கப்சிப் மேடம்! அண்ணாமலையார் கப்சிப்! இருட்டு!" என்று எழுந்து குதித்தார்.

பச்சையே வேண்டாம் என்று முடிவுசெய்துவிட்டார். சிவப்பாக மின்னுகிற சாயத்துக்கு மாறினார். வேர் பச்சையில் போடுகிற ஆட்டம் சிவப்பில் கம்மி. கார்த்திகைத் தீபத்துக்கு ஊரில் ஒரு லைட் கிடைக்காது என்பதால் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தோம். மார்கழி பிறந்தது. கல்யாணமும் இல்லை, கூழும் இல்லை. மைக்செட்காரர் தானே வந்து எல்லா லைட்டையும் கட்டிவிட்டு, "நல்லா வாட்டிக்கோங்க சார்" என்று வாழ்த்திவிட்டுப் போனார். வேர் முழுக்க அடங்கியது. சாயம் போட்டுப் பார்த்தபோது, கரிய இருட்டில், பக்கவேர் முளைக்கிற வெடிப்பின் ஓரத்தில், ஊசிமுனை அளவுக்குச் சில சிவப்புப் புள்ளிகள். வெறும் ஸ்லைடில் அவை இல்லை. அவ்வளவுதான் மொத்த ஆராய்ச்சியும்.

பொங்கல் முடிந்த கையோடு ஆய்வேட்டைக் கொடுத்தார். வெளியூர்த் தேர்வாளர் அதைப் படித்துவிட்டு, படங்கள் எல்லாம் கறுப்பாக இருக்கின்றன, எதுவும் புலப்படவில்லை, வைவா என்கிற வாய்மொழித் தேர்வுக்கு வரும்போது நேரில் பார்த்தால்தான் முடிவு சொல்ல முடியும் என்று எழுதிவிட்டார். பட்டம் உண்டா இல்லையா என்பது அந்த ஒரு மனிதரின் கண்ணில் வந்து நின்றது.

பங்குனி வெயிலில் தேர்வாளர் வந்து இறங்கினார். வயதானவர், தடித்த கண்ணாடி. வைவாவில் திரையில் போட்ட படங்களும் கறுப்புதான். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். "சரி, மைக்ரோஸ்கோப்புக்குப் போகலாம்" என்று எழுந்தார். இருட்டறைக்குள் அவரும் இவரும் நானும் மட்டும். மைக்ரோஸ்கோப்பின் விளக்கை மூடித் திறப்பது என் வேலை. முதலில் வெறும் ஸ்லைடு. "ஒண்ணும் தெரியலையே" என்றார் தேர்வாளர். "ஆமாங்க சார்!" என்று இவர் ஆனந்தமாகச் சொன்னார். நான் இவர் காலை மிதித்தேன். அடுத்தது சாயம் போட்ட ஸ்லைடு. தேர்வாளர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார்.

"சாரி. இதுலயும் ஒண்ணும் தெரியலை."

இவர் என்னிடம், "மேடம், லைட்ட மூடுங்க, சாயம் வெளுத்துடும்" என்றார். பிறகு தேர்வாளரிடம், "சார், நீங்க வெயில்ல இருந்து வந்திருக்கீங்க. ஒரு வேண்டுகோள். கண்ணத் தொறந்துக்கினு சும்மா கொஞ்சநேரம் இருட்டுல உக்காருங்க. கண்ணு பழகட்டும். அப்புறம் பாருங்க. அப்பவும் தெரியலைன்னா இல்லைன்னு எழுதிடுங்க சார், நான் ஒண்ணும் கேக்கமாட்டேன்" என்றார்.

மூன்று பேரும் இருட்டில் உட்கார்ந்திருந்தோம். வெளியே பிரின்சிபால் கதவைத் தட்டினார். "டீ ஆறுதுங்க, எல்லாரும் வெய்ட் பண்றாங்க" என்று சொல்லிக்கொண்டே கைப்பிடியைத் திருகினார். நான் பாய்ந்து போய்க் கதவில் முதுகைக் கொடுத்து நின்றுகொண்டேன். "தொறக்காதீங்க சார்! தொறந்தீங்கன்னா நல்லா இருக்காது!" என்று பிரின்சிபாலிடமே கத்திவிட்டேன். தட்டுவது நின்றது.

"இப்ப மேடம்" என்றார் இவர். தடவிக்கொண்டே போய் விளக்கைத் திறந்தேன். தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிகிற சத்தம் கேட்டது. நேரம் போய்க்கொண்டே இருந்தது.

"ஏங்க" என்றார் தேர்வாளர். குரலே மாறிவிட்டிருந்தது. "இந்த வெடிப்பு ஓரத்துல... சிவப்பா..."

இவர் நாற்காலியை முன்னால் இழுக்கிற சத்தம் கேட்டது.

"அட, உள்ளாற இன்னொண்ணு. இங்க ஒண்ணு. அடேங்கப்பா, உள்ளாற போயிருக்கே! முன்ன பாத்ததுல இது இல்லையே!" அவர் கண்ணை எடுக்கவே இல்லை. சின்னப்பிள்ளை மாதிரி காலை ஆட்டிக்கொண்டு பார்த்தார். பிறகு தலையைத் தூக்காமலே, "டாக்டர், ஃபோகஸை இன்னும் கொஞ்சம் உள்ள இறக்குங்க" என்றார்.

யாரும் நகரவில்லை.

"டாக்டர்! இறக்குங்கன்னா."

இருட்டில் இவர் என் பக்கம் சாய்ந்து, காதோடு கேட்டார்: "மேடம், யாரக் கூப்புடறாரு?"

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தது. "உங்களத்தான்யா! போய் இறக்குய்யா!" என்று முதுகில் ஓங்கி ஒன்று வைத்தேன்.